கணக்கில் வராத கம்ப்யூட்டர்கள்

சென்ற ஆண்டு நம் செயற்குழு மாறியபோது நடந்தது பலருக்கு நினைவிருக்கும். பராமரிப்புக் கட்டணக் கணக்கு முழுவதும், முந்தைய பொருளாளர் ஒருவர் தன் சொந்த லேப்டாப்பில் போட்டு வைத்திருந்த ஒரே ஒரு எக்செல் கோப்பில் இருந்தது. அருமையான கோப்பு. பிளாட் எண்ணைத் தட்டினால் பாக்கி, அபராதம், ஜெனரேட்டர் டீசலில் அந்த வீட்டின் பங்கு எல்லாம் வந்து நிற்கும். அவர் வீடு மாறிப் போன பிறகு, தண்ணீர் லாரிச் செலவை எந்தக் கணக்கில் பிரித்தார் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. யாரும் கேட்காமலேயே, சங்கத்துக்காக ராத்திரி கண்விழித்துச் செய்தவர்.

அந்த இரண்டு மாதமும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது அமெரிக்க ராணுவம். சிரிக்க வேண்டாம். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வரிசை எண் போட்டு, கையெழுத்து வாங்கிக் கொடுத்து, கையெழுத்து வாங்கித் திரும்ப வைக்கிற ஒரு பெரிய நிறுவனத்துக்குள் பர்சனல் கம்ப்யூட்டர் எப்படி நுழைந்தது, அதை அவர்கள் எப்படிக் கட்டி மேய்க்கப் பார்த்தார்கள் என்பது நம் எக்செல் கோப்பின் கதைதான். அளவுதான் பெரிது.

முதலில், அதற்கு முன்பு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். அமெரிக்க விமானப்படைக்குக் கம்ப்யூட்டர் புதிதல்ல. அறுபதுகளிலிருந்தே அதன் தளங்களில் கிடங்குச் சரக்குக் கணக்குக்கு யூனிவாக் 1050-2 என்ற இயந்திரம் இருந்தது. எந்தத் தளத்துக்குப் போனாலும் அதே இயந்திரம், அதே புரோகிராம். அந்தப் புரோகிராம்களை எழுதி எல்லாத் தளங்களுக்கும் அனுப்புகிற வேலை, அலபாமா மாநிலத்தில் மான்ட்கமரி நகரத்தை ஒட்டிய கன்டர் தளத்தில் நடந்தது. ஒரு தளத்தில் பழகிய சார்ஜென்ட் அடுத்த தளத்துக்கு மாற்றலாகிப் போனால், மறுநாள் காலையிலேயே வேலையைத் தொடங்கிவிடலாம். ராணுவத்துக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு.

வாங்குவதிலும் அப்படித்தான். டெக்சாஸ் காங்கிரஸ் உறுப்பினர் ஜாக் புரூக்ஸ் முயற்சியால் 1965-இல் வந்த புரூக்ஸ் சட்டப்படி, அரசுத் துறைகள் கம்ப்யூட்டர் வாங்குவதைப் பொதுச் சேவை நிர்வாகம் என்ற மைய அமைப்பு மேற்பார்த்தது. ஆயுதம், உளவு, படைக் கட்டளை சம்பந்தப்பட்ட கம்ப்யூட்டர்களுக்கு 1981-இல் வார்னர் திருத்தம் விலக்கு கொடுத்தது. அலுவலகக் கம்ப்யூட்டருக்கு விலக்கு கிடையாது. ஒரு பெரிய கம்ப்யூட்டர் வாங்க விண்ணப்பம், ஆய்வு, டெண்டர், ஆட்சேபம் என்று வருடக்கணக்கில் ஆகும். கோடிக்கணக்கில் விலை போகிற, ஒரு ஹால் முழுவதும் அடைத்துக்கொள்கிற இயந்திரத்துக்கு அந்த நிதானம் நியாயமானதுதான்.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அடிப்படை விலை 1,565 டாலர். மேசைமேல் உட்கார்ந்துவிடும். இதற்கு இரண்டு ஆண்டு முன்பே விசிகால்க் என்ற கட்டக்கணக்குப் புரோகிராம் வந்திருந்தது. 1983 தொடக்கத்தில் லோட்டஸ் 1-2-3 வந்தது. பெயர்ப்பட்டியல், சரக்குப்பட்டியல் வைத்துக்கொள்ள டிபேஸ் இருந்தது.

ஒரு படைப்பிரிவு அலுவலகத்தில் இருக்கும் கேப்டனின் நிலையை எண்ணிப் பாருங்கள். எந்த லாரி பழுது, யார் விடுப்பில், யாருக்குத் தடுப்பூசி பாக்கி என்று நாலு பட்டியல் அவருக்கு வேண்டும். மையக் கம்ப்யூட்டரிடம் கேட்டால் அது தரும் அறிக்கை அவர் கேட்ட வடிவத்தில் வராது, கேட்ட நாளிலும் வராது. கடையில் விற்கும் பெட்டி ஒன்று இருந்தால் சனிக்கிழமை ஒரே நாளில் பட்டியல் தயார். அந்தப் பெட்டியை அலுவலகச் சில்லறைப் பணத்தில் வாங்க வழியிருந்தால் வாங்கினார்கள். சிலர் வீட்டிலிருந்த தங்கள் சொந்தக் கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். இதில் திருட்டுத்தனம் ஏதுமில்லை. வேலை நடக்க வேண்டும் என்ற அக்கறைதான். ஆனால் மேலிடத்துக்குத் தலைவலி அங்கேதான் தொடங்கிற்று. தன்னிடம் எத்தனை கம்ப்யூட்டர் இருக்கிறது, எந்த எந்த மாதிரி, அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்று ராணுவத்தால் சொல்ல முடியாமல் போனது.

தடை போடுவது ஒரு வழி. விமானப்படை அதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தது. அதிகாரபூர்வமாக வாங்குவதையே மிகச் சுலபமாக்கிவிட்டது. மொத்த ஒப்பந்தம் ஒன்றைப் போட்டுவிட்டால், அலுவலகங்கள் தங்களுக்கு வேண்டியதை அதன் கீழ் ஆர்டர் செய்துகொள்ளலாம். தனித்தனி டெண்டர் தேவையில்லை. இதில் ஜெயித்தது ஐபிஎம் அல்ல, ஜெனித். ஆமாம், டெலிவிஷன் செய்த அதே ஜெனித். அது 1979-இல் ஹீத் நிறுவனத்தை வாங்கியிருந்தது. பாகங்களைப் பெட்டியில் போட்டு விற்க, வாங்குகிறவரே வீட்டில் சால்டரிங் செய்து ரேடியோ பூட்டிக்கொள்ளும் ஹீத்கிட் அந்த நிறுவனத்துடையது. (நம் மூத்த உறுப்பினர்களில் ரேடியோ பைத்தியங்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும்.) அங்கிருந்த கம்ப்யூட்டர் பிரிவுதான் ஜெனித் டேட்டா சிஸ்டம்ஸ் ஆனது.

முதலில் படைகளுக்குப் போன ஜெனித் இசட்-100 நல்ல இயந்திரம். ஆனால் ஐபிஎம்முக்கென்று எழுதிய புரோகிராம்கள் பல அதில் ஓடாது. இந்தப் பாடத்தைப் படித்த பிறகு 1986-இல் விமானப்படை போட்ட ஒப்பந்தம்தான் பெரியது. 90,000 இசட்-248 கம்ப்யூட்டர்கள், 24 கோடியே 20 லட்சம் டாலர். வகுத்துப் பார்த்தால் ஒன்று ஏறக்குறைய 2,700 டாலர். உள்ளே 286 சில்லு, வேகம் 8 மெகாஹெர்ட்ஸ். ஐபிஎம் புரோகிராம்கள் ஓடும். எண்பதுகளின் பிற்பகுதியில் அமெரிக்கப் படை அலுவலகத்தில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இந்த எண்ணைச் சொல்வார்கள், நம் ஊரில் ஒரு தலைமுறை பஜாஜ் சேத்தக்கைச் சொல்வதுபோல.

என்னைக் கேட்டால், இந்தக் கதையிலேயே புத்திசாலித்தனமான காரியம் இதுதான். யாரையும் மிரட்டவில்லை, சரியான வழியைக் குறுக்கு வழியைவிடச் சுருக்கமாக்கினார்கள். எல்லா மேசையிலும் ஒரே மாதிரி இயந்திரம் வந்ததால் பயிற்சி, பழுதுபார்ப்பு, உதிரிபாகம் எல்லாம் கைக்குள் வந்தன. கடற்படையில் நார்ஃபோக்கிலிருந்து 1982 முதல் 'சிப்ஸ்' என்ற இதழே நடத்தினார்கள். ஒரு கப்பலில் ஒருவர் கண்டுபிடித்த உத்தி இன்னொரு கப்பலுக்குப் போய்ச் சேர அது ஒரு வழி.

பெட்டியை வழிக்குக் கொண்டுவந்தாயிற்று. பெட்டிக்குள் இருப்பதை என்ன செய்வது?

காகிதத்தில் ரகசியம் காப்பதில் ராணுவத்துக்குப் பல தலைமுறைப் பழக்கம் உண்டு. காகிதத்துக்கு நகல் எண் உண்டு, பூட்டு உண்டு, எரிக்க உலை உண்டு. ஃபிளாப்பி சட்டைப் பையில் போய்விடும். அதைவிடச் சங்கடம், அழித்தாலும் அது அழியாது. டாஸ் இயங்குதளத்தில் ஒரு கோப்பை டெலீட் செய்தால், பட்டியலில் அதன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் ஒரு குறியீடாக மாற்றிவிட்டு, அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்ளும். எழுதியது அப்படியே வட்டில் கிடக்கும். 1982-இல் பீட்டர் நார்ட்டன் விற்கத் தொடங்கிய மென்பொருள் இப்படி அழித்ததைத் திரும்ப எடுத்துக் கொடுத்தது. தெரியாமல் அழித்த எழுத்தாளனுக்கு அது வரம். ரகசியக் கடிதம் அடித்த ஃபிளாப்பியில் மேலே வேறொன்றை எழுதி யாருக்கோ கொடுத்துவிட்ட கிளார்க்குக்கு அது வேறு.

எனவே விதிகள் வந்தன. வட்டுகளுக்கு வண்ண ஒட்டுச்சீட்டு: அதி ரகசியத்துக்கு ஆரஞ்சு, ரகசியத்துக்குச் சிவப்பு, அடுத்த படிக்கு நீலம், ரகசியமில்லாததற்குப் பச்சை. ஒன்றுமில்லாததற்கும் ஏன் சீட்டு என்று கேட்கலாம். சீட்டில்லாத வட்டு என்றாலே சந்தேகம் வர வேண்டும், அதற்குத்தான். ரகசியம் ஏறிய வட்டைக் காந்தத்தால் துடைக்க வேண்டும், இல்லையென்றால் நொறுக்க வேண்டும். மாலையில் கழற்றி இரும்புப் பெட்டியில் பூட்டிவைக்கும்படியான வட்டுகளுக்கு மவுசு கூடியது. ஐயோமேகா நிறுவனத்தின் பெர்னூலி பாக்ஸ் ராணுவ அலுவலகங்களில் நன்றாக விற்றது இதனால்தான்.

இன்னொரு கவலை கண்ணுக்கே தெரியாதது. இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, 1943-இல், பெல் ஆய்வகத்தில் ஒருவர் ஒரு விநோதத்தைக் கவனித்தார். ரகசியச் செய்தியை மாற்றியெழுதும் கருவி ஒவ்வொரு எழுத்துக்கும் அசையும்போது, ஆய்வகத்தின் மறுகோடியில் இருந்த அலைகாட்டியில் ஒரு துள்ளல் தெரிந்தது. ராணுவம் முதலில் நம்பவில்லை. பொறியாளர்கள் நியூயார்க்கில் வேரிக் தெருவில் இருந்த ராணுவச் செய்தி மையத்துக்கு எதிர்ச்சாரியில், 80 அடி தள்ளியிருந்த கட்டடத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பதிவு செய்தார்கள். சில மணி நேரத்தில், போன செய்திகளில் முக்கால் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்து பிறந்த பாதுகாப்பு முறைக்கு டெம்பஸ்ட் என்று பெயர். இந்த விவரத்தை வெளியிட்டதே 2007-இல்தான். ஆனால் 1985-இலேயே விம் வான் எக் என்ற நெதர்லாந்து ஆய்வாளர், கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைச் சில நூறு மீட்டர் தொலைவில் மலிவான கருவிகளையும் ஒரு டெலிவிஷன் பெட்டியையும் வைத்துப் படிக்கலாம் என்று பகிரங்கமாகவே காட்டினார். ரகசியம் கையாளும் அலுவலகங்களுக்கு உலோகக் கவசம் போட்ட தனி ரகக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டியிருந்தது. விலை அதிகம், எடை அதிகம், புதிய மாடல் வருவதும் தாமதம்.

இதற்கு நடுவில் ஒரு சினிமாவும் உண்டு. 1983 ஜூனில் அதிபர் ரீகன் 'வார்கேம்ஸ்' படம் பார்த்தார். ஒரு பள்ளிச் சிறுவன் தன் அறையிலிருக்கும் கம்ப்யூட்டரில் டெலிபோன் வழியாக ராணுவக் கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிடுகிற கதை. சில நாளில் தளபதிகளின் கூட்டத்தில் இப்படி நடக்குமா என்று கேட்டார். ஒரு வாரம் விசாரித்துவிட்டு வந்த ஜெனரல் வெஸ்ஸி, நிலைமை நினைப்பதைவிட மோசம் என்றார். 1984-இல் அதிபர் ஆணை வந்தது. கம்ப்யூட்டர்ப் பாதுகாப்பில் உளவுத் துறையின் கை ஓங்கிற்று. சாதாரண அரசு அலுவலகங்கள் வரை அது நீளக்கூடாது என்று 1987 சட்டத்தால் கடிவாளம் போட்டதில் முன்னின்றவர் நாம் முன்பே பார்த்த ஜாக் புரூக்ஸ்.

பாதுகாப்புத் துறை 1983-இல் ஆரஞ்சு நிற அட்டை போட்டு ஒரு நூல் வெளியிட்டது. எல்லாரும் அதை ஆரஞ்சு புத்தகம் என்றே அழைத்தார்கள். கம்ப்யூட்டர்களை டி-யிலிருந்து ஏ-1 வரை தரம் பிரிக்கும் நூல் அது. பலர் பயன்படுத்தும் இயந்திரங்கள் 1992-க்குள் சி-2 தரத்துக்கு வந்துவிட வேண்டும் என்று 1987-இல் இலக்கு வைத்தார்கள். சி-2 என்றால் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், கடவுச்சொல், யார் எதைத் திறந்தார் என்ற பதிவு எல்லாம் இருக்க வேண்டும். அப்போது மேசைகளில் ஓடிக்கொண்டிருந்த டாஸுக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. சுவிட்சைப் போட்டவர்தான் அதற்கு எஜமானர்.

இவ்வளவு தூரம் யோசித்தவர்கள் ஒன்றில் கோட்டை விட்டார்கள், அதுதான் நம் தண்ணீர் லாரிக் கணக்கு. இயந்திரத்துக்கு வரிசை எண் இருந்தது, வட்டுக்கு வண்ணச் சீட்டு இருந்தது. கேப்டன் சனிக்கிழமை உட்கார்ந்து எழுதிய டிபேஸ் புரோகிராமுக்குப் பதிவேட்டில் வரியே இல்லை. ராணுவத்தில் யாரும் ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை. இரண்டு மூன்று வருடத்தில் மாற்றல். எழுதியவர் ஜெர்மனிக்கோ கொரியாவுக்கோ போய்விடுவார். புரோகிராம் அங்கேயே ஓடிக்கொண்டிருக்கும். அடுத்து வந்தவர் ஒரு ஓட்டுப் போடுவார், அதற்கடுத்தவர் இன்னொன்று. ஓடுகிறவரைக்கும் யாரும் கவலைப்படுவதில்லை.

இதற்கான பில் தொண்ணூறுகளின் கடைசியில் வந்தது. முதலில், 2000-ஆம் ஆண்டுத் தேதிச் சிக்கல். எதைத் திருத்த வேண்டும் என்று பட்டியல் போடச் சொன்னபோது, பாதுகாப்புத் துறையிடம் முழுமையான பட்டியலே இல்லை என்று நாடாளுமன்றத் தணிக்கை அலுவலகம் குறை சொன்னது. அடுத்தது கடற்படை. 2000 அக்டோபரில் அது தன் கரை அலுவலகங்களின் கம்ப்யூட்டர்கள் அனைத்தையும் ஒரே வலையமைப்பின் கீழ் கொண்டுவர, ஈடிஎஸ் நிறுவனத்துடன் 690 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. திட்டம் காகிதத்தில் அழகாக இருந்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மேசைகளுக்குப் புதுக் கம்ப்யூட்டர், எல்லாவற்றிலும் ஒரே மென்பொருள்.

உள்ளே போய்ப் பார்த்தால் சுமார் 6,000 தனித்தனி வலையமைப்புகள். சில ஒன்றுக்கொன்று மின்னஞ்சல்கூட அனுப்பிக்கொள்ள முடியாதவை. 28 தலைமையகங்கள் தங்கள் தங்கள் பணத்தில், தங்கள் தங்கள் இஷ்டப்படி வாங்கியும் எழுதியும் வைத்தவை. அவற்றில் ஓடிய புரோகிராம்களை எண்ண ஆரம்பித்தால் பல பத்தாயிரம். ஒவ்வொன்றையும் சோதித்து, புது இயந்திரத்தில் ஓடுமா, பாதுகாப்பானதா என்று பார்த்தாக வேண்டும். தேறாதவற்றைத் தூக்கிப் போடவும் முடியாது. யாரோ ஒருவருடைய சம்பளமோ ஏதோ ஒரு விமானத்தின் உதிரிபாகமோ அதை நம்பி இருக்கும். அதனால் பல மேசைகளில் புதுக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே பழையதும் அந்த ஒரு புரோகிராமுக்காக உட்கார்ந்திருந்தது. ஒன்றாக்கப் போய் இரண்டானது. ஈடிஎஸ்ஸுக்கு ஆரம்ப ஆண்டுகளில் பெரும் நஷ்டம். கடற்படையினரும் புது ஏற்பாட்டைத் திட்டித் தீர்த்தார்கள். திட்டியதிலும் நியாயம் உண்டு: முன்பு கேப்டன் ஒரு நாளில் செய்துகொண்டதற்கு இப்போது விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். யூனிவாக் காலத்துப் புகார் முப்பது வருடம் கழித்துத் திரும்பி வந்துவிட்டது.

வண்ணச் சீட்டு விஷயத்துக்கும் ஒரு பின்கதை உண்டு. ஃபிளாப்பியின் இடத்தைப் பென் டிரைவ் பிடித்திருந்தது. ஆப்கானிஸ்தான், இராக் போர்க்களங்களில் வலையமைப்பு மெதுவானது; வரைபடத்தையும் படத்தையும் பென் டிரைவில் போட்டுக் கையில் கொடுப்பதே வேகம். 2008-இல் மத்திய கிழக்கிலிருந்த ஒரு தளத்தில் யாரோ ஒரு பென் டிரைவைச் செருகினார்கள். அதிலிருந்த ஏஜென்ட்.பிடிஇசட் என்ற புழு, வெளியுலகத்தோடு இணைப்பே இல்லாத ரகசிய வலையமைப்புக்குள்ளும் போய்விட்டது. நவம்பரில் படைகள் முழுவதும் பென் டிரைவுக்குத் தடை. துடைத்து முடிக்க 14 மாதம் ஆனது. அந்த வேலைக்கு பக்‌ஷாட் யாங்கி என்று பெயரிட்டிருந்தார்கள். 2010 பிப்ரவரியில் தடையைக் கொஞ்சம் தளர்த்தினார்கள்.

பென் டிரைவைத் தடுத்தவர்கள் சிடியை விட்டுவிட்டார்கள். அதே 2010-இன் தொடக்க மாதங்களில், இராக்கில் இருந்த மேனிங் என்ற இளநிலைப் பகுப்பாய்வாளர், ரகசிய வலையமைப்பிலிருந்து லட்சக்கணக்கான ஆவணங்களை வெளியே கொண்டுபோய் விக்கிலீக்ஸிடம் சேர்த்தார். நகலெடுக்க உதவியது திரும்பத் திரும்ப எழுதக்கூடிய ஒரு சிடி. அதன்மேல் சிவப்புச் சீட்டு இல்லை, பாடகி லேடி காகாவின் பெயர் எழுதியிருந்தது. அவர் செய்தது சரியா தவறா என்று நம் காலை நடைக் கோஷ்டியில் ஏற்கெனவே போதுமான அளவு சண்டை நடந்துவிட்டதால் நான் அதற்குள் போகவில்லை. அதன் பிறகு ரகசிய வலையமைப்புக் கம்ப்யூட்டர்களில் வட்டில் எழுதும் வசதியைப் பெரும்பாலும் முடக்கினார்கள். அவசியம் எழுதியாக வேண்டிய இடத்தில் இருவர் சேர்ந்து நின்று செய்ய வேண்டும் என்ற விதி வந்தது.

நம் கோப்புக்கு வருகிறேன். இப்போதைய கணக்குக் கோப்பு சங்க அலுவலகக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. தண்ணீர்ச் செலவு, லிஃப்ட் பராமரிப்பு, ஜெனரேட்டர் டீசல் மூன்றையும் பிரிக்கும் முறையைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி, தலைவர், செயலாளர் கையெழுத்தோடு தீர்மானப் புத்தகத்தில் ஒட்டியிருக்கிறோம். ஆனால் பழைய கார்பஸ் நிதிக் கணக்கில் சில ஆண்டுகள் விடுபட்டுள்ளன. முன்பு பொறுப்பில் இருந்தவர்கள் யார் வீட்டிலாவது பழைய சிடியோ, ஃபிளாப்பியோ, கைவிட்ட லேப்டாப்போ பரணில் கிடந்தால் தயவுசெய்து அலுவலகத்தில் கொடுங்கள். ஃபிளாப்பி படிக்கும் டிரைவ் ஒன்று என்னிடம் இன்னும் வேலை செய்கிற நிலையில் இருக்கிறது.